குசினிப் புகைக்கு எதிராக யார் குரல் கொடுப்பது?

புத்தளம் மாவட்டத்தில் மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலைக்கு அண்மையில் சென்றிருந்தேன். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் பழக்கமான நண்பர் ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. சுற்றிலும் தென்னை. கச்சான் காற்று ஓலைகளை உலுப்பிக்கொண்டிருந்தது. முன்விறாந்தையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, இந்தப் பக்கத்தில் யாரைச் சந்தித்தாலும் நடப்பதுபோல, பேச்சு நுரைச்சோலைக்குப் போயிற்று. அனல்மின் நிலையத்துச் சாம்பல், பாலாவிச் சீமெந்து ஆலையின் தூசு, அறுவைக்காட்டுக்குக் கொண்டுவரப்பட்ட கொழும்புக் குப்பை என்று நண்பர் ஒவ்வொன்றாக அடுக்கினார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

அப்போது தேநீர் கொண்டுவந்தவர் அவருடைய தாயார். எழுபதைக் கடந்தவர். கண்கள் சிவந்திருந்தன, இருமல் விடவில்லை.

"உம்மா, இருமலுக்கு மருந்து எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"இது பழைய இருமல், மகன். குசினிக்குள்ள போனா வரும். வெளிய வந்து நின்டா கொஞ்சம் குறையும்" என்றார்.

நோயின் காரணத்தை அவரே சொல்லிவிட்டார். நாங்கள்தாம் காதில் வாங்கவில்லை. நண்பர் மீண்டும் நுரைச்சோலைக்குத் திரும்பிவிட்டார்.

எழுந்து குசினியை எட்டிப் பார்த்தேன். மூன்று கல் அடுப்பு. கரி படிந்து கறுத்த சுவர். ஒரேயொரு சிறிய ஜன்னல். காற்று நெருப்பை அலைக்கழிக்கிறது என்பதற்காக அதையும் சாத்தி வைத்திருந்தார்கள். ஈரம் காயாத பொச்சுமட்டை புகைந்துகொண்டிருந்தது. நெருப்பு மூட்டுவதற்கென்று மூலையில் பொலித்தீன் பைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். இரண்டு நிமிடம்கூட என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த அம்மையார் அங்கே ஐம்பது ஆண்டுகளாக நிற்கிறார்.

ஓர் ஒப்புதலை இங்கே எழுதியாக வேண்டும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாற் திறன் கொண்ட நிலையமாயிற்று. அதுபற்றி எழுதியிருக்கிறேன். அறுவைக்காட்டுத் திட்டத்தை எதிர்த்து 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் வீதிக்கு வந்தபோது அதுபற்றியும் எழுதினேன். அந்தப் போராட்டங்களில் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். காலையில் தம் வீட்டு அடுப்புப் புகையைச் சுவாசித்துவிட்டுத்தான் அவர்கள் சுத்தமான காற்றுக்காகக் கோஷமிட வந்தார்கள் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. பேட்டி கண்ட ஒருவரிடமேனும் அவருடைய குசினியைப் பற்றி நான் கேட்டதில்லை.

வெளிப்புகைக்கு ஒரு முகவரி இருக்கிறது. அதற்கு உரிமையாளர் உண்டு, அமைச்சர் உண்டு, எதிர்த்துக் கொடி பிடிக்க ஒரு வாசல் உண்டு. வீட்டுப்புகைக்கு இவை எதுவும் இல்லை. அதை எழுப்புகிறவரும் அதனால் துன்புறுகிறவரும் ஒருவரே. ஆகவே அது செய்தியாவதில்லை.

ஆனால் கணக்கு வேறுவிதமாகப் பேசுகிறது. உலகில் ஏறத்தாழ 210 கோடி மக்கள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றை எரித்தே சமைக்கிறார்கள் என்றும், வீட்டுப்புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இலங்கையில் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமான குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. அதன்பின் எரிவாயு பரவியது உண்மை. ஆனால் 2021 இறுதியில் சிலிண்டர் வெடிப்புகள் மக்களை அச்சுறுத்தின. 1,500 ரூபாவுக்கும் குறைவாக விற்ற 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. அடுப்பங்கரையை மறந்திருந்த பலர் மீண்டும் விறகு பொறுக்கினார்கள்.

ஆகவே, "எரிவாயுவுக்கு மாறுங்கள்" என்று கொழும்பிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ உபதேசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தென்னை நிற்கும் ஊரில் மட்டையும் சிரட்டையும் காசில்லாமல் கிடைக்கின்றன. அதை விட்டுவிட்டுச் சிலிண்டர் வாங்கச் சொல்வதற்கு, வாங்கும் வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எரிவாயு ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. குவாத்தமாலா, இந்தியா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் தமிழ்நாட்டின் விழுப்புரமும் நாகப்பட்டினமும். எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு கன மீற்றருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமிலிருந்து 24 ஆகக் குறைந்திருந்தது. எனினும், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2022 இல் முடிவு வெளியாயிற்று. இதைக் காட்டி, "அப்படியானால் புகையால் தீங்கில்லை" என்று வாதிடுவோர் இருக்கலாம். நான் அப்படிப் படிக்கவில்லை. பல ஆண்டுகள் புகையில் வாழ்ந்த உடலைச் சில மாதங்களில் ஓர் அடுப்பு மட்டும் மீட்டுவிடாது என்பதே நான் கண்ட பொருள். மற்றொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். குவாத்தமாலாவில் புகைபோக்கி வைத்த விறகடுப்புகளைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2011 இல் வெளிவந்தது. விறகு அதே விறகுதான். ஆயினும் குழந்தைகளுக்கு வரும் கடுமையான நியூமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. புகைக்கு வெளியேற ஒரு வழி வைத்ததற்கே இந்தப் பலன்.

கனமூலைக்கு உதவுவது இந்த இரண்டாவது பாடம் என்று நினைக்கிறேன். அடுப்புக்கு மேலே, கூரைக்கு வெளியே இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்கும் புகைபோக்கி. அதற்கு வசதியில்லாவிட்டால் கூரையை ஒட்டி ஒரு திறப்பு. புகை சூடானது, மேலே எழும். அதற்கு மேலே வழி வேண்டும். புதிய காற்று கீழிருந்து நுழைய எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வழி வேண்டும். விறகும் மட்டையும் மழை படாத இடத்தில் நன்றாகக் காய வேண்டும், ஈரம்தான் புகையாகிறது. மூன்று கல்லுக்குப் பதிலாக, 1980களில் நம் நாட்டிலேயே உருவான 'அனகி' மண்ணடுப்பை வைக்கலாம். ஒரே நெருப்பில் இரண்டு பானை வேகும்; விறகும் குறையும். பொலித்தீனால் நெருப்பு மூட்டுவதை இன்றே நிறுத்த வேண்டும். சமைக்கும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருக்கக் கூடாது.

குசினியோடு விஷயம் முடிவதுமில்லை. இரவில் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு நுளம்புச்சுருள் கொளுத்துகிறோம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது, சுருளின் வகையைப் பொறுத்து, 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமமான நுண்துகளை வெளிவிடுகிறது என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. பிள்ளைக்கு முன்னால் சிகரெட் பிடிக்கத் தயங்கும் தகப்பன், அதே பிள்ளையின் கட்டிலுக்கடியில் சுருளை வைத்துவிட்டுத் தூங்குகிறான். நுளம்புவலை விலை கூடியதல்ல; எரிவதுமில்லை. சாம்பிராணி போடுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துப் போடட்டும்.

வெளிநாட்டில் வாழும் வாசகர்கள், காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பற்றியும் தொட்டிச்செடி பற்றியும் கேட்பதுண்டு. நல்ல வடிகட்டி உள்ள இயந்திரம் துகளைக் குறைக்கும்; மறுக்கவில்லை. செடிகள் பற்றிய நம்பிக்கை, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அது மூடிய சிறு பெட்டிக்குள் நடத்திய சோதனை. உண்மையான வீட்டில் ஒரு ஜன்னலைத் திறப்பதற்கு ஈடாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீற்றருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019 இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். செடி அழகுக்கு இருக்கட்டும். சமைக்கும்போது காற்றை வெளியே இழுக்கும் விசிறியைப் போடுங்கள். ஊருக்கு அனுப்பும் பணத்தில் முன்வாசல் கேற்றுக்கு ஒதுக்குவதில் ஒரு சிறு பகுதியைத் தாயின் குசினிக்கு ஒதுக்குங்கள்.

கனமூலை நண்பரிடம் விடைபெறும்போது இதைச் சொன்னேன். "உம்மா ஒரு நாளும் முறைப்பாடு செய்ததில்லையே" என்றார். அவர் முறையிட்டார், அரை மணி நேரத்துக்கு முன்புதான், எங்கள் இருவருக்கும் முன்னால். நண்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, மேசனை அழைத்துக் காட்டுவதாகச் சொன்னார்.

நுரைச்சோலைச் சாம்பலுக்காகவும் அறுவைக்காட்டுக் குப்பைக்காகவும் புத்தளம் தொடர்ந்து பேசட்டும், பேசத்தான் வேண்டும். ஆனால் வீடு கட்ட உதவும் அரசும் தொண்டு நிறுவனங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும், புகைபோக்கி இல்லாத குசினியை வீட்டின் ஒரு பகுதியாக இனிமேல் ஏற்கக் கூடாது என்பதையும் அந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும். வீடு கட்டும் ஆண்கள், வரைபடத்தில் கையொப்பமிடும் முன் ஒரு நாள், அடுப்பு எரியும் நேரத்தில் உள்ளே போய் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும். அதற்குமேல் யாரும் அவர்களுக்குக் கட்டுரை எழுத வேண்டியிராது.