உப்புத்தாளைக் கீழே போடுங்க சாமி!

மக்களே, இது ஒரு கடுப்புப் பதிவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கனடாவில் உபரியான லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 துப்பாக்கிகளை வாங்கி, மான் வேட்டைக்காக முன்கட்டையை அறுத்தார்கள். அது பழைய பாவம். இப்போ 'மீட்கிறேன்'னு கிளம்புறவங்க அதைவிட மோசம். எடுத்ததுமே உப்புத்தாள், பாலிஷ்!

அய்யா, முதல்ல படிங்க. இடப்பக்க இரும்பில் 'லாங் பிராஞ்ச் 1943'னு ஏதாவது இருக்கா? போல்ட் எண்ணும் உடம்பு எண்ணும் ஒண்ணா? குழல் முனையில் பயனெட் மாட்டும் காதுகள் இருந்தா, குழலை அறுக்கலை. ராணுவக் கட்டை தேடிப் போடலாம். இல்லேன்னா வேட்டைத் துப்பாக்கியாவே விடுங்க, அதுவும் வரலாறுதான்.

என் துப்பாக்கியின் பின்கட்டையில் 'சி'க்குள் அம்பு போட்ட கனடா ராணுவ முத்திரையை, முந்தைய சொந்தக்காரர் பளபளன்னு தேய்ச்சுட்டார். முன்கட்டை காசுக்குக் கிடைக்கும். முத்திரை எந்தக் கடையில் கிடைக்கும்?