பெயரைக் கேட்டறிவோம்

பழைய ஆங்கிலப் பயணக் கதைகளுள் புகழ்பெற்றது, ஜொனாதன் சுவிப்டு 1726-இல் வெளியிட்ட ‘கல்லிவரின் பயணங்கள்’. கதைத்தலைவனின் கப்பல் 1707 ஏப்பிரல் 11-ஆம் நாள் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை அடைகிறது. நோயுற்ற மாலுமிகள் தேறும்பொருட்டு மூன்று வாரம் தங்குகிறது. அவ்வளவே செய்தி.

அந்நாளில் இங்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், பேரலைகளைக் கடந்து ஆளையும் பொருளையும் கரைசேர்த்தவர்கள் இக்கடற்கரை மக்களே. இல்லாத லில்லிபுட்டு மக்களின் உயரத்தையும் சட்டத்தையும் விரித்துரைக்கும் நூலில், இருந்த இம்மக்களுக்கு ஒரு வரியும் இல்லை.

தம் நாட்டின் குறைகளை எள்ளுவதே சுவிப்டின் நோக்கம் என்பர். அது மெய்யே. ஆயினும், 1719-இல் டீபோ படைத்த குரூசோவையும் நோக்குங்கள். தான் காப்பாற்றியவனின் பெயரைக் கேளாமலே, காப்பாற்றிய கிழமையைக் கொண்டு ‘வெள்ளிக்கிழமை’ என அவன் பெயரிடுகிறான். தன்னை ‘எசமான்’ என்றழைக்கவும் பழக்குகிறான்.

டாம்பியர் என்னும் மாலுமியோ, 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில், கட்டுமரத்தை இம்மக்கள் வழங்கிய பெயராலேயே குறித்தார். அச்சொல் இன்றும் ஆங்கிலத்தில் வாழ்கிறது. காது கொடுத்துக் கேட்டதன் பயன் அது.

இக்குறை ஆங்கிலேயருக்கே உரியதன்று. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வந்து உழைக்கும் பிற மாநிலத்தாரை, ஊரும் பேரும் வினவாது ‘வடக்கத்தியர்’ என்று நாம் ஒதுக்கலாமோ? பிறரை அறிதற்கு முதற்படி, அவர் பெயரைக் கேட்டறிதலே ஆகும்.