பேட்ஜில் 'டர்போ', பானட்டுக்குள் என்ன? கார் பெயர்களை நம்பலாமா?

வார இறுதிக் காலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பறக்கும் கார்களை மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஈசிஆரில் நின்று பார்த்தால், பின்பக்கக் கதவுகளில் விதவிதமான எழுத்துகள் மின்னும். என் லைன், ஜிடி, டிஎஸ்ஐ, ஆர்எஸ், டர்போ. இந்த எழுத்துகளுக்காகவே வாங்குபவர்கள் கூடுதல் பணம் தருகிறார்கள். ஆனால், ஒரே எழுத்து இந்தியாவில் ஒன்றையும் ஐரோப்பாவில் வேறொன்றையும் குறிக்கிறது. சில நேரம் ஒரே நாட்டிலேயே 2 வெவ்வேறு இன்ஜின்களுக்கு ஒரே பெயர்!

முதலில், டர்போ என்றால் என்ன? இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு விசிறியைச் சுழற்றுகிறது. அதனோடு இணைந்த இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். அதனால் சிறிய இன்ஜினிலும் பெரிய சக்தி கிடைக்கும். அவ்வளவுதான் விஷயம். குழப்பம் தொழில்நுட்பத்தில் இல்லை, பெயரில்தான்.

'என்' வேறு, 'என் லைன்' வேறு

நம்மூர் உதாரணமே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஐ20 தயாராகிறது. 2021 செப்டம்பரில் 'ஐ20 என் லைன்' இந்தியாவில் அறிமுகமானது. 998 சிசி, 3 சிலிண்டர் டர்போ இன்ஜின். சக்தி 120 பிஎஸ், டார்க் எனப்படும் இழுவிசை 172 நியூட்டன் மீட்டர்.

ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த 'ஐ20 என்' வேறு ரகம். அதில் 1.6 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ. சக்தி 204 பிஎஸ், டார்க் 275 நியூட்டன் மீட்டர். பெயரில் 'லைன்' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். சக்தியில் 84 பிஎஸ் வித்தியாசம். யூடியூபில் 'ஐ20 என்' ரேஸ் டிராக்கில் சீறுவதைப் பார்த்துவிட்டு, அதே கார்தான் என்று நம்பி ஷோரூமுக்குப் போனால் ஏமாற்றம்தான்.

இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. நிறுவனத்தின் பிரசுரத்தில் எல்லா எண்களும் இருக்கின்றன. 'என் லைன்' என்பது ஸ்போர்ட்டி தோற்றமும் சில மாற்றங்களும் கொண்ட வழக்கமான கார். 'என்' என்பது வேகத்துக்காகவே உருவான கார். ஆனால், இந்த வித்தியாசத்தை வாங்குபவரே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

வரிக் கணக்கும் ஒரு காரணம்

பெரிய இன்ஜின் இங்கே ஏன் எளிதில் வருவதில்லை? 4 மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 2006 முதலே இந்தியாவில் வரிச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி விகிதத்தில் இத்தகைய கார்களுக்கு 18 சதவீதம். அந்த வரம்பைத் தாண்டினால் 40 சதவீதம்.

இந்திய ஐ20-யின் நீளம் 3,995 மில்லிமீட்டர். கோட்டுக்கு உள்ளே, வெறும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது! ஐரோப்பிய ஐ20 4 மீட்டரைத் தாண்டியது. ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவே வேறு. 1.6 லிட்டர் இன்ஜினை இங்கே பொருத்தினால் வரி இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும்.

ஒரே பேட்ஜ், 2 இன்ஜின்

பழைய கார் வாங்குபவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகன் போலோ 'ஜிடி டிஎஸ்ஐ' 2013-இல் வந்தபோது 1.2 லிட்டர், 4 சிலிண்டர் இன்ஜினும் 7 வேக டிஎஸ்ஜி கியர்பாக்ஸும் இருந்தன. 2020-இல் அதே பெயரில் வந்த காரில் 1 லிட்டர், 3 சிலிண்டர் இன்ஜின், 6 வேக சாதாரண ஆட்டோமேட்டிக். விளம்பரத்தில் 'ஜிடி டிஎஸ்ஐ' என்று மட்டும் போட்டிருந்தால், எது என்று தெரியாது. கியர்பாக்ஸ் பழுதானால் செலவுக் கணக்கே வேறு.

அதே நிறுவனம் விர்ட்டஸில் 'ஜிடி' என்ற பெயரை 1.5 லிட்டர், 150 பிஎஸ் இன்ஜினுக்கு வைத்தது. 2024-இல் 'ஜிடி லைன்' வந்தது. அதில் இருப்பது 1 லிட்டர், 115 பிஎஸ். மறுபடியும் அதே 'லைன்'!

ஸ்கோடா கதை இன்னும் சுவாரஸ்யம். உலகமெங்கும் 2-ஆம் தலைமுறை ஆக்டேவியா என்று விற்ற கார், பழைய ஆக்டேவியாவும் இங்கே விற்பனையில் இருந்ததால் இந்தியாவில் 'லாரா' ஆனது. 2011-இல் 'லாரா ஆர்எஸ்' வந்தது. ஐரோப்பிய ஆர்எஸ் பெட்ரோல் காரில் 2 லிட்டர், 200 பிஎஸ். இங்கே 1.8 லிட்டர், 160 பிஎஸ். சாதாரண லாரா 1.8 டிஎஸ்ஐயிலும் அதே 160 பிஎஸ்தான்.

டர்போவே இல்லாத 'டர்போ'

பெரிய பிராண்டுகளும் விதிவிலக்கில்லை. போர்ஷே 911-இல் 'டர்போ' என்ற மாடல் 1974 முதல் இருக்கிறது. 2015-இல் சாதாரண 911 கரேரா மாடலுக்கும் டர்போ இன்ஜின் வந்துவிட்டது. ஆனாலும், பெயரில் டர்போ இருப்பது விலை உயர்ந்த மாடலுக்கு மட்டுமே. 2019-இல் 'டைகான் டர்போ' வந்தது. அது மின்சார கார். இன்ஜினே இல்லை, அப்புறம் எங்கே டர்போ? அங்கே டர்போ என்பது அந்தஸ்தின் பெயர். அவ்வளவே.

எதைப் பார்க்க வேண்டும்?

பேட்ஜை விட்டுவிட்டு 4 எண்களைப் பாருங்கள்: சிசி, சிலிண்டர் எண்ணிக்கை, சக்தி, டார்க். அலகையும் கவனிக்க வேண்டும். 150 பிஎஸ், 148 பிஎச்பி, 110 கிலோவாட் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே.

டார்க் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். ஐ20 என் லைனில் முழு டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். உப்பு மூட்டை ஏற்றிய லாரியை முந்த வேண்டிய நேரத்தில் உதவுவது அந்த எண்தானே தவிர, பின்கதவு எழுத்து அல்ல.

பழைய கார் என்றால் ஆர்.சி. புக்கில் உள்ள சிசியையும் தயாரிப்பு ஆண்டையும் விற்பவர் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். பேட்ஜை யாரும் கடையில் வாங்கி ஒட்டலாம்.

வாங்குபவர் விழிப்போடு இருந்தால் போதும் என்று நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. பிரிட்ஜ், ஏசி மீது மின்சாரச் செலவைக் காட்டும் நட்சத்திர லேபிள் ஒட்டுகிறோம். பல லட்சம் ரூபாய் காரின் விளம்பரத்தில், மாடல் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் சிசியையும் சக்தியையும் போடச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. மாதாமாதம் இஎம்ஐ கட்டப் போகிறவருக்கு, எதற்குக் கட்டுகிறோம் என்று முதல் நாளே தெரிய வேண்டும்.