கிட்டங்கி ஓட்டலாகும்போது



'பூட்டிக் ஓட்டல்' என்ற வகை விடுதிகள் இன்று நாடெங்கும் பெருகி வருகின்றன. பூட்டிக் என்பது பிரெஞ்சுச் சொல். அதன் பொருள் கடை. 1984-ல் நியூயார்க்கில் ஸ்டீவ் ரூபெல், இயான் ஷ்ரேகர் ஆகிய இருவர் 'மார்கன்ஸ்' ஓட்டலைத் திறந்த பிறகே இந்தப் பெயர் ஓட்டல் தொழிலில் பரவியது. அறைகள் குறைவு, வருபவரைப் பெயர் சொல்லி வரவேற்பார்கள், ஒவ்வோர் அறையும் ஒரு மாதிரி. சுருங்கச் சொன்னால், கடைக்காரர் குணத்தை ஓட்டலுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே இது நம்மவர் கவனிக்க வேண்டிய விஷயம்.

இத்தகைய ஓட்டல்கள் பெரும்பாலும் ஓவியர்களும் கலைஞர்களும் கூடும் பழைய வட்டாரங்களில் வருகின்றன. நம் தொழிலுக்கு நெருக்கமான உதாரணம் கொச்சியின் மட்டாஞ்சேரி, போர்ட் கொச்சிப் பகுதி. மிளகு, சுக்கு, மஞ்சள், ஏலம் என்று பல நூற்றாண்டுகளாக வியாபாரம் நடந்த இடம் அது. குஜராத்திகள், கொங்கணிகள், யூதர்கள், தமிழர்கள் எல்லோரும் தொழில் செய்த ஊர். 1867-ல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய வளாகத்தில்தான் 2012 டிசம்பர் 12-ல் முதல் கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக் கண்காட்சி தொடங்கியது. 'பெப்பர் ஹவுஸ்' என்ற பழைய மிளகுக் கிட்டங்கியும் கண்காட்சிக் கூடமாயிற்று. கூட்டம் வந்தது, கூடவே ஓட்டல்களும் வந்தன.

சென்ற ஆண்டு கொள்முதல் விஷயமாகப் போனபோது அப்படி ஒரு ஓட்டலில் இரண்டு இரவு தங்கினேன். முன்பு அது கிட்டங்கி. தேக்கு உத்திரம் அப்படியே இருக்கிறது. சுக்கு காயவைத்த முற்றத்தில் சாப்பாட்டு மேஜை போட்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளையின் சாய்வு மேஜை வரவேற்பறையில் இருக்கிறது, தராசு சுவரில் தொங்குகிறது. சாப்பாட்டிலும் உபசரிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் என்பதால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுத்த சந்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்கினார்கள். தூக்கம் கெட்டதென்று ஒரு விருந்தினர் மேனேஜரிடம் புகார் செய்தார். அந்தத் தெருவில் தொழில் செய்பவர் ஒருவர் என்னிடம், "இது இப்போது வாடிக்கையாகிவிட்டது. நாளைக்கு எங்களையே தொந்தரவு என்பார்கள்" என்றார். மிளகுத் தெருவைப் பார்க்கவென்று வருகிறவருக்கு மிளகு மூட்டையின் சத்தம் ஆகவில்லை என்றால் என்ன நியாயம்?

இதற்கு ஓட்டல்காரர்களை மட்டும் குறை கூறுவது சரியல்ல. கிட்டங்கிகள் காலியானதற்கு வேறு காரணங்கள் உண்டு. அவை படகில் சரக்கு ஏற்றி இறக்கத் தோதாக நீர்க்கரையில் கட்டப்பட்டவை. பிறகு லாரி வந்தது, கன்டெய்னர் வந்தது. 2011-ல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. பஜார் ரோட்டின் குறுகலில் பெரிய வண்டி திரும்ப முடியாது. பூட்டிக் கிடக்கும் ஓட்டுக் கட்டிடம் சில மழைக்காலங்களிலேயே உட்கார்ந்துவிடும். ஓட்டல் வந்ததால் பல சுவர்கள் பிழைத்தன என்பது உண்மை.

ஆனால் சுவர் பிழைத்து வியாபாரம் போய்விட்டால் யாருக்கு லாபம்? சரக்கு வாசனையும் மூட்டை நடமாட்டமும் இருப்பதால்தான் அந்தத் தெருவில் அறைக்கு இவ்வளவு வாடகை கிடைக்கிறது. எல்லாக் கடையும் ஓட்டலானால் பார்க்க என்ன மிஞ்சும்? முதலைத் தின்று வட்டி வாங்க முடியாது என்பது நமக்குத் தெரிந்த கணக்கு.

இரண்டு தொழிலும் சேர்ந்து வாழ வழி உண்டு. போர்ட் கொச்சி வெளியில் 'தோபி கானா' இருக்கிறது. பல தலைமுறைக்கு முன் ராணுவத் துணி வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் தொழில் செய்கிறார்கள். ஓட்டல் விரிப்புகளும் அங்கே வெளுக்கப் போகின்றன. புதிய தொழில் பழைய தொழிலுக்கு வேலை கொடுப்பது இப்படித்தான்.

பழைய கடைத்தெருவில் இடம் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு மூன்று யோசனைகள்:

ஒன்று, கட்டிடம் காலியாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு விற்க வேண்டாம். குத்தகைக்கு விட்டால் இடத்தின் மதிப்பு கூடும்போது பலன் நம் பிள்ளைகளுக்கு வரும்.

இரண்டு, மேல்மாடியை ஓட்டலுக்கு விட்டாலும் தெருவைப் பார்த்த கீழ்க்கடையில் வியாபாரமே நடக்கட்டும். அதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்று, சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தை நகராட்சியிடம் இப்போதே எழுத்து மூலம் உறுதி செய்துகொள்ள வேண்டும். புகார் வந்த பிறகு போனால் காலம் கடந்துவிடும். சுமை தூக்கும் தொழிலாளர் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தனிப் பொருளாக வைத்து விவாதிக்க நிர்வாகிகள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.