‘வந்தால்’ என்னும் ஒரு சொல்

‘அவர் வந்தால் சொல்வேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதப் பணித்தால், நம் மாணவருள் பலர் ‘இஃப் ஹி வில் கம்’ என்றே தொடங்குகின்றனர். உடனே சிவப்பு மையால் அடித்து, மூன்று வாய்பாடுகளை மனப்பாடம் செய்யச் சொல்கின்றோம். தேர்வு முடிந்ததும் வாய்பாடு மறைந்துவிடுகின்றது, பிழை நிலைத்துவிடுகின்றது.

பிழையின் வேர் எங்குள்ளது? ‘நாளை அண்ணன் வந்தால்’ என்றும், ‘மறைந்த பாட்டனார் இன்று வந்தால்’ என்றும் தமிழில் ஒரே எச்சத்தால் கூறுகின்றோம். நடக்கக் கூடியது எது, நடவாதது எது என்பதைச் சூழலே உணர்த்தும். ஆங்கிலமோ முன்னதற்குக் ‘கம்ஸ்’ என்றும் பின்னதற்குக் ‘கேம்’ என்றும் வினையையே வேறுபடுத்தும். அங்கே இறந்தகால வடிவம் காலத்தைக் காட்டுவதன்று, நடவாமையைக் காட்டுவது. ‘இஃப் ஐ வேர்’ என்பதும் அத்தகையதே.

அரபு பயின்ற நம் பிள்ளைகளுக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதிலுள்ள ‘இன்’ நிகழக் கூடியதற்கு உரியது. ‘லவ்’ பெரும்பாலும் நிகழாததற்கு உரியது. திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயம் 22ஆம் வசனம், பல தெய்வங்கள் இருந்திருப்பின் விளையும் சீர்கேட்டைக் கூறுமிடத்து ‘லவ்’ என்றே தொடங்குகின்றது.

நெல்லித்தோப்பில் வாழும் நமக்கு நிபந்தனை என்பது ஏட்டிலக்கணம் மட்டுமன்று. 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, இங்குப் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் விருப்பம் தெரிவித்தால் அக்குடியுரிமை தொடரும் என்றது. அன்று ‘தெரிவித்தால்’ என்பது திறந்திருந்த கதவு. தவணை கழிந்தபின் அதுவே ‘தெரிவித்திருந்தால்’ ஆயிற்று. ‘இஃப் ஹி ஹாட்’ என்னும் அமைப்பை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி, ‘காட் ப்ளெஸ் யூ’ என்பதில் வினையின் ஈற்றில் ‘எஸ்’ வாராமை ஏன் என மாணவர் வியப்பர். அது செய்தியன்று, வேண்டுதல். ‘இறைவன் அருள்க’ என்னும் நம் வியங்கோளை நினைவூட்டினால் ஐயம் அகலும். நன்னூல் கற்றவனுக்கு இது நெடுநாள் அறிமுகம்.

ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வளராது என்பார் உளர். நாள் முழுதும் தமிழிலேயே விளக்குவது தவறு என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆயின் மாணவன் மனத்தில் தமிழ் முன்னரே அமர்ந்திருக்கின்றது. அதனை அறியாததுபோல் நடிப்பதால் பயனில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரம் ஒரு மணிநேரம் ஒருங்கமர்ந்து, மாணவர் தம் வாழ்விலிருந்தே ‘நடந்தால்’, ‘நடந்திருந்தால்’ எனத் தொடர்கள் அமைத்து இருமொழியிலும் பேசப் பயிற்றலாம். இதற்குப் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

கடந்ததை எண்ணி ‘லவ்’ என்று ஏங்குதல் ஷைத்தானுக்கு வழி திறக்கும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ‘அன்றே கற்பித்திருந்தால்’ என்று நாளை நாம் ஏங்காதிருக்க, இன்றே தொடங்குவோமாக. இறைவன் அருள்க!