தூர்வாரும் முன் ஒரு குழாய் மண்

நாகலாபுரம் என்றதும் பலருக்கு வேதநாராயணர் கோயிலும், தாய் நாகலாதேவியின் பெயரை அவ்வூருக்குச் சூட்டிய கிருஷ்ணதேவராயரும் நினைவுக்கு வருவர். நிலவியல் பயில்வோர்க்கு அங்குள்ள மலைகளே முதலில் தோன்றும். மலை குவார்ட்சைட், அடிவாரச் சமவெளி கிரானைட்டும் நைசும். இவ்விரு நிலங்களின் மண்ணையும் சுமந்து வரும் ஆரணியாறு, பிச்சாட்டூர் அணையையும் சுருட்டப்பள்ளியையும் கடந்து பழவேற்காடு ஏரியை அடைகிறது. வழிநெடுக உள்ள ஏரிகளும் தத்தம் ஓடைகள் கொணரும் வண்டலைத் தேக்கிக்கொள்கின்றன.

அந்த வண்டலுக்குத் தன் பிறந்தகம் தெரியும். குவார்ட்சைட்டிலிருந்து வந்த மணலில் சிலிக்காவும் சிர்கோனியமும் மிகும். சோடியமும் கால்சியமும் அருகும். கிரானைட் நிலத்து மண் அலுமினியமும் பொட்டாசியமும் ருபீடியமும் கொண்டுவரும். தோரியம், ஸ்கேண்டியம் போன்றவை நீரில் எளிதில் கரையாதவை. ஆதலால் மூலப்பாறையின் அடையாளத்தைப் பெரிதும் காத்து நிற்கும்.

பாறை எவ்வளவு சிதைந்தது என்பதற்கு நெஸ்பிட், யங் இருவரும் 1982இல் ஓர் அளவுகோல் தந்தனர். சிதைவின்போது கால்சியமும் சோடியமும் பொட்டாசியமும் கரைந்தோட, அலுமினியம் எஞ்சும்; அந்த விகிதமே குறியீட்டெண். சிதையாத கிரானைட்டுக்கு அது ஏறத்தாழ 50. முற்றும் சிதைந்த கயோலினைட்டுக்கு 100.

இந்த எண்ணை மட்டும் கண்டு 'அக்காலத்தில் மழை மிகுதி' என எழுதிவிடுவது நம் துறையின் சோம்பல். குவார்ட்சைட் மலையே நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மணற்படிவு. அத்தகைய பழம்படிவுகளோடு கலந்து வரும் களிமண், அன்றைய சிதைவை இன்றையதாகக் காட்டக்கூடும். பழவேற்காட்டுப் படிவிலோ கிளிஞ்சலின் சுண்ணாம்பு கணக்கைக் குலைக்கும். அதைக் கழிக்காத எண் பயனற்றது. மணலையும் களியையும் பிரித்து அளப்பதும் கட்டாயம்.

இதனால் ஊருக்கு என்ன பயன்? ஏரியைத் தூர்க்கும் மண் மலையிலிருந்து வருகிறதா, உழுத வயலின் மேல்மண்ணா என்பதே கேள்வி. வயல்மண் என்றால், மலை ஓடையில் எத்தனை தடுப்பணை கட்டினாலும் ஏரி தூர்ந்துகொண்டுதான் இருக்கும். அங்கு வேண்டுவது வரப்பும் கரைப்புல்லும். மூலம் அறியாமல் செலவிடும் பணம் அடுத்த மழையோடு போய்விடும்.

ஆந்திரத்தில் நீரு–செட்டுத் திட்டத்திலும், தமிழகத்தில் 2017இல் புத்துயிர் பெற்ற குடிமராமத்திலும் எத்தனையோ ஏரிகள் தூர்வாரப்பட்டன. அது தேவையான பணி. வண்டல் உழவனின் வயலுக்கே செல்லட்டும். ஆனால் பொக்லைன் இறங்கும் முன், ஏரியின் ஆழமான நடுப்பகுதியில் ஒரு குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் ஒரு மண்தூண் எடுத்து வைக்கலாகாதா? ஈயம்-210 கொண்டு ஏறத்தாழ நூறாண்டுக் காலத்தை அதில் கணிக்கலாம். வாரிய மண்ணில் அந்த வரிசை மீளாது.

ஒவ்வொரு தூர்வாரும் மதிப்பீட்டிலும் இதற்கென ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையிடம் மண்ணை ஒப்படைத்தால் போதும். நீர்வளத் துறையிலோ ஊராட்சியிலோ பணிபுரியும் நண்பர்கள், உங்கள் பகுதியில் இவ்வாண்டு எந்த ஏரியில் பணி தொடங்குகிறது எனக் கீழே தெரிவியுங்கள்.