சீனக் கலை விழாக்களும் நம் சமுதாயமும்: அரங்கில் யாருடைய குரல் கேட்கவில்லை?

 

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மரக்காணத்து உப்பளங்களின் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். தை பிறக்கும் வரை பெரிதாக வேலை இராது. நூல் படிக்கவும், பொதுக்கூட்டங்களுக்குச் சென்று வரவும் இக்கரையில் வாழும் குடும்பங்களுக்கு வாய்க்கும் காலம் அதுவே. சீன இலக்கியம், சீனத் திரைப்படம், சீன இசை என்னும் பெயர்களில் நடைபெறும் நட்புறவு விழாக்களுக்கும் அவ்வப்போது அழைப்பு வருகிறது. பிள்ளைகளை அனுப்பலாமா என்று பெற்றோர் நம்மிடம் கேட்கின்றனர். ஜமாஅத்தில் இது குறித்து இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. உய்குர் முஸ்லிம்களை வதைக்கும் நாட்டின் நிழல்கூட நம் பிள்ளைகள் மீது படலாகாது என்கின்றனர் ஒரு சாரார். கலையில் அரசியலைக் கலக்காதீர்கள், பாட்டும் படமும் பார்த்துவிட்டு வரட்டுமே என்கின்றனர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இவ்விழாக்கள் புதியவை அல்ல. 1963ஆம் ஆண்டு சீன வானொலி தன் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. சிற்றலையில் பெய்ச்சிங்கிலிருந்து வந்த அந்தத் தமிழைக் கேட்பதற்காகவே விழுப்புரம், சேலம், நாமக்கல் எனப் பல ஊர்களிலும் புதுச்சேரியிலும் நேயர் மன்றங்கள் தோன்றின. சிற்றூர்களில் தையல் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் கைப்படக் கடிதம் எழுதினர். அங்கிருந்து நாட்காட்டியும் காகித வெட்டுச் சித்திரங்களும் அஞ்சலில் வந்தன. பொது அறிவுப் போட்டிகள் நடைபெற்றன; வென்றவர் சிலர் சீனம் வரை சென்று வந்தனர். தம் வாழ்நாளில் எவரும் கருத்துக் கேட்டிராத எளிய மனிதர்களிடம், உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று ஒரு வானொலி கேட்டது. அதன் ஈர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங், இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நமக்கு வடக்கே உள்ள மாமல்லபுரத்திற்கு வந்தபோது, கடற்கரைக் கோயிலின் முன் கலை நிகழ்ச்சி பார்த்த காட்சியை நாடே கண்டது. அடுத்த ஆண்டு ஜூனில் கல்வான் மோதல் நிகழ்ந்தபின் நட்புறவு என்ற சொல்லே கசந்தது. சீனப் பொருளைப் புறக்கணிப்போம் என்ற செய்தியைச் சீனக் கைப்பேசியிலிருந்தே பரப்பியவர்களையும் கண்டோம்.

முதலில், கூடாது என்போருக்கு.

சீனம் என்பது ஓர் அரசு மட்டுமன்று. அந்நாட்டில் இஸ்லாம் நேற்று நுழையவில்லை. சுவான்சோ துறைமுக நகரத்துப் பள்ளிவாசல் ஹிஜ்ரி 400இல், அதாவது கி.பி. 1009-10இல் எழுப்பப்பட்டது. அதே நகரில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்துள்ளது. தமிழ் வணிகரும் அரபு வணிகரும் ஒரே நகரின் வீதிகளில் நடந்தவர்கள். இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தின் மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மஅபர் கரைக்கு வந்த இப்னு பதூதா பின்னர் சீனம் நோக்கிப் பயணமானார். பெரும் கப்பற்படையை நடத்திய செங் ஹே, யூனான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் ஹாஜி என அறியப்பட்டவர். அவர் காலத்தில், 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டு இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதியில் புத்தர், தமிழ்ப் பகுதியில் தென்னவரை நாயனார், பாரசீகப் பகுதியில் இஸ்லாமிய மரபு எனக் காணிக்கை மூவருக்கும் பகிரப்பட்டுள்ளது. மூன்று சமூகங்களிடமும் அவரவர் மொழியில் பேசவேண்டும் என்று 600 ஆண்டுகளுக்கு முன் அந்த மாலுமிகள் அறிந்திருந்தார்கள்.

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர்கள் என்ற முறையில் நம் உள்ளத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. நம் பாட்டிமார் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வியில் மார்க்க நூல்கள் படித்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அந்த ஏடுகள் இன்றும் சில வீடுகளின் அலமாரிகளில் உண்டு. சீனத்தின் ஹுய் முஸ்லிம்களும் இதையே செய்தார்கள். சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கு அவர்கள் வைத்த பெயர் சியாவோஅர்ஜிங். சீன எழுத்துகளைக் கற்க வாய்ப்பில்லாத மத்ரஸா மாணவர்கள் தம் பாடங்களை அவ்வெழுத்தில் குறித்துவைத்தனர். ஒருவரை ஒருவர் அறியாமல், இருவேறு கரைகளில், ஒரே தேவைக்கு ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள்! பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல்கள், அவற்றில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாக்கள் என்ற மரபும் அங்கு உண்டு. கைஃபெங் நகரத்தில் 1820இல் நிறுவப்பட்ட அத்தகைய பள்ளி ஒன்று இருக்கிறது. பெண் கல்விக்கு இடம் ஒதுக்குவதை இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் நம் மஹல்லாக்கள் சில இதைக் கேட்டுச் சற்றுக் கூச்சப்படலாம்.

இலக்கியத்திலும் அப்படியே. கவித்தொகை என்னும் பழஞ்சீனப் பாடல் தொகுப்பிலிருந்து பயணி என்ற பெயரில் எழுதுபவர் நேரடியாகச் சீனத்திலிருந்தே தமிழாக்கிய நூல் ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ 2012இல் வெளிவந்தது. சங்கப் பாடல்களைப் படித்தவர்க்கு அந்நூலில் அந்நியம் என்று ஏதும் இராது. ஹுய் குடும்பத்தில் பிறந்த ஹுவோ தா என்ற பெண் எழுத்தாளர், பெய்ச்சிங் நகரத்து முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதையை நாவலாக எழுதி, சீனத்தின் உயரிய இலக்கியப் பரிசான மாவோ துன் விருதைப் பெற்றார். கதவை இழுத்துச் சாத்துவோர் இவற்றையெல்லாம் பிள்ளைகளிடமிருந்து மறைக்கிறார்கள். உய்குர்களுக்காக வருந்துகிறோம் என்று சொல்லி, உய்குர்களைப் பற்றியும் ஒரு வரி படிக்காமல் இருப்பதில் என்ன பயன்?

இசை கூடுமா கூடாதா என்ற மார்க்க விவாதத்தையும் சிலர் இடையில் கொண்டுவருகின்றனர். அதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கூடாது என்று கொள்பவர் அந்நேரம் அரங்கை விட்டு எழுந்து வரலாம். இதைவிடக் கடினமான கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அதை ஒரு மறைவிடமாக்க வேண்டாம்.

இனி, கலையில் அரசியல் வேண்டாம் என்போருக்கு. இவர்களிடமே நமக்கு வழக்கு அதிகம்.

விழா மேடைகளில் முஸ்லிம் பிரமுகர் ஒருவரை அழைத்தால், அவர் முதலில் எடுத்துவிடும் சொல், கல்வி தேடிச் சீனம் வரை செல்லச் சொல்வதாக வழங்கும் அந்தப் பிரபலமான வாசகம்தான். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் பைஹகீ அவர்கள் கூறியுள்ளார்கள். இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையிலேயே சேர்த்தார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரால் ஒன்றைச் சொல்லுமுன் உறுதி செய்யவேண்டும் என்பது நம் மாணவர்களுக்கு முதலாண்டுப் பாடம். மேடை அலங்காரத்திற்காக அதைக் கைவிடலாமா?

உறுதி செய்யும் அதே கடமையோடு சின்சியாங்கின் செய்திகளையும் பார்ப்போம். இவை மேற்கு நாடுகளின் கட்டுக்கதை என்பாருக்கு, சீன அரசே வெளியிட்ட விதிகளைக் காட்டுகிறோம். 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சின்சியாங் ஒழுங்குமுறை, பெற்றோர் தம் பிள்ளைகளை மார்க்கக் காரியங்களில் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. 2017 ஏப்ரலில் வந்த மற்றொன்று, வழக்கத்திற்கு மாறான தாடியையும் முகத்திரையையும் தீவிரவாதத்தின் அடையாளங்களாக எண்ணுகிறது. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அங்கு நடப்பவை மானுடத்திற்கு எதிரான குற்றங்களாக அமையக்கூடும் என்றது. அதை விவாதிக்கலாமா என்று மனித உரிமை மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது 17 நாடுகள் ஆதரித்தன, 19 எதிர்த்தன, 11 நடுநிலை வகித்தன. எதிர்த்தவற்றில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் உண்டு. நடுநிலை வகித்தவற்றில் நம் நாடும் மலேசியாவும் உண்டு. முஸ்லிம் நாடுகளே பேசவில்லை, நீங்கள் ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த அரசுகள் வணிகக் கணக்குப் பார்க்கின்றன. மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கிற்கு அவற்றின் வாக்குச்சீட்டு ஆதாரமாகாது.

கலையில் அரசியல் இல்லை என்ற பேச்சுக்கு வருவோம். உய்குர்களின் பன்னிரண்டு முகாம் இசையை யுனெஸ்கோ 2005இல் மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. உய்குர் ஊர்க்கூடலான மெஷ்ரப், அவசரமாகக் காக்கப்படவேண்டியவற்றின் பட்டியலில் 2010இல் சேர்க்கப்பட்டது. இவற்றை உலக அரங்கில் முன்வைத்துப் பெருமை கொண்டது சீன அரசு. ஆனால் உய்குர் நாட்டார் மரபுகளையும் தர்காக்களையும் ஊர் ஊராகச் சென்று ஆவணப்படுத்திய பேராசிரியை ரஹீலே தாவுத் 2017 டிசம்பரில் காணாமற்போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023 செப்டம்பரில்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது. ஆடலும் பாடலும் மேடைக்கு வேண்டும். அவற்றைச் சேகரித்தவர் சிறையில் இருக்கவேண்டும் என்றால், கலையில் அரசியலைக் கலந்தது யார்?

துதார் என்னும் நரம்பிசைக் கருவியின் வல்லுநர் அப்துரஹீம் ஹெயித்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2017இல் அவர் தடுத்துவைக்கப்பட்டார். 2019 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவி, துருக்கியின் வெளியுறவு அமைச்சகம் கண்டன அறிக்கை விட்டது. மறுநாளே ஒரு காணொளி வெளிவந்தது. தாம் நலமாக இருப்பதாகவும், விசாரணையில் இருப்பதாகவும் அவர் அதில் கூறினார். உயிரோடு இருந்தது பற்றி அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அக்காணொளியை வெளியிட்டது எது? சீன வானொலியின் துருக்கிப் பிரிவு. தமிழில் நமக்குப் பாட்டும் நாட்காட்டியும் தந்த அதே நிலையத்தின் மற்றொரு மொழிப்பிரிவு. தமிழ்ப் பிரிவில் பணிபுரிவோரை, தமிழை அன்போடு கற்ற அந்தச் சீன அன்பர்களை, இதற்காக நாம் குறை கூறவில்லை. நிலையம் அரசுடையது, அரசுக்குத் தேவையானபோது ஓர் இசைஞரின் முகத்தை அது அப்படிப் பயன்படுத்தும் என்பதை மட்டும் நேயர்கள் அறிந்திருக்கவேண்டும்.

அண்மையில் அத்தகைய விழா ஒன்றுக்குச் சென்ற நம் மத்ரஸா மாணவி ஒருவர், கேள்வி நேரத்தில் எழுந்து, சீனத்தில் தம் வயதுப் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பள்ளிக்குச் செல்கிறார்களா என்று கேட்டார். “அது அரசியல், பாப்பா, வேறு ஏதாவது கேள்” என்று பதில் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அரசியலன்று, அவருடைய காலைப்பொழுது. ஃபஜ்ருக்குப் பின் முஸ்ஹஃபைத் தூக்கிக்கொண்டு உப்பள வரப்போரமாக நடந்து வருகிறவர் அவர். சின்சியாங்கில் மட்டுமன்று, சீனத்தின் சிறிய மக்கா எனப் பெயர் பெற்ற லின்சியாவிலும், பதினாறு வயதுக்குட்பட்டோர் பள்ளிவாசல்களில் ஓதவருவது 2018இல் தடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஹுய் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக அரசோடு இணங்கி வாழ்ந்தவர்கள். அவர்களையும் அது விடவில்லை.

உய்குர் துயரத்தைத் திடீரெனப் பேசத் தொடங்கியிருக்கும் வேறு சிலரையும் காண்கிறோம். சீனத்தைச் சாடுவதற்கு மட்டும் அவர்களுக்கு முஸ்லிம் தேவைப்படுகிறான். பக்கத்துத் தெரு முஸ்லிமுக்கு வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள். அவர்களின் கூட்டத்திற்கு நாம் தோள் கொடுக்கவேண்டியதில்லை. நம் ஊரில் சீன உணவுக் கடை வைத்திருப்பவரையோ, சீனத்தில் மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளையோ பார்த்து முகம் சுளிப்பதும் மார்க்கமன்று. மக்களைப் பல சமூகங்களாக ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று 49ஆம் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. அறிவது என்றால் முழுவதும் அறிவது.

ஆகவே பிள்ளைகளை அனுப்புங்கள். தனியே அனுப்பாதீர்கள், உடன் செல்லுங்கள். போகுமுன் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். போட்டித்தாளில் சின்சியாங்கின் வளர்ச்சி பற்றி ஒரே ஒரு விடையை மட்டும் எழுதினால்தான் பரிசு என்றால், அப்பரிசு வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். சி. மோகன் தமிழாக்கிய ‘ஓநாய் குலச்சின்னம்’ போன்ற நாவலை வாசிக்கக் கொடுத்து, மங்கோலியரின் வாழ்வை வெளியிலிருந்து வந்த ஒரு சீனர் எழுதியிருக்கிறாரே, மங்கோலியரே எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அவர்களுக்குப் பிற்காலத்திலும் உதவும்; நம்மைப் பற்றி மற்றவர்கள் எடுக்கும் படங்களைப் பார்க்கும்போதும்.

விழா ஏற்பாட்டாளர்களில் பெரும்பாலோர் நம் மாவட்டத்து நல்ல மனிதர்கள், கைக்காசைப் போட்டு நடத்துபவர்கள். அவர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜமாஅத்தின் சார்பில் எழுத்திலும் தர இருக்கிறோம். அடுத்த நிகழ்ச்சியில் சீனக் கவிதை வாசிக்கும்போது, உய்குர் கவிஞரும் திரைப்பட இயக்குநருமான தாஹிர் ஹமுத் இஸ்கிலின் கவிதை ஒன்றையும் தமிழில் வாசியுங்கள். 2017இல் நாட்டைவிட்டு வெளியேறி, இன்று அமெரிக்காவில் வாழ்பவர் அவர். மொழிபெயர்ப்புச் செலவையும் வாசிப்பவரையும் நாங்கள் ஏற்கிறோம். பத்து நிமிடம் போதும். கேள்வி நேரத்தில் அந்த மாணவி மீண்டும் எழுவார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.